வெந்நீர்த் தொட்டியும் 30 மில்லி ஆம்பியரும்

மகள் வீட்டுத் தோட்டத்தில் வெந்நீர்த் தொட்டி வைத்த கதையை எழுதுகிறேன் என்று சொல்லி மாதம் இரண்டு ஆகிவிட்டது. நண்பர்கள் விடுவதாக இல்லை. "கிழவனுக்கு ஜக்கூஸி கேட்குதா?" என்று தொலைபேசியில் ஒருவர் கேலி செய்தார். கேட்டது கிழவனுக்கு அல்ல, கிழவியின் முழங்காலுக்கு. ஆனால் நான் எழுத வந்தது முழங்காலைப் பற்றி அல்ல, மின்சாரத்தைப் பற்றி. பொறுமையாகப் படியுங்கள். தொட்டி இல்லாதவர்களுக்கும், வீட்டில் கீசர் வைத்திருப்பவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

முதலில் பெயர். பிரான்சில் இதை 'ஸ்பா' என்றும் 'ஜக்கூஸி' என்றும் சொல்கிறார்கள். ஜக்கூஸி என்பது இத்தாலியிலிருந்து அமெரிக்காவில் கலிபோர்னியாவுக்குக் குடிபோன ஒரு குடும்பத்தின் பெயர். அண்ணன் தம்பிகள் முதலில் விமானத்துக்குக் காற்றாடி செய்தார்கள், பிறகு தண்ணீர் பம்ப் செய்தார்கள். அவர்களில் ஒருவருடைய பையனுக்குச் சின்ன வயதிலேயே மூட்டு வாதம். மருத்துவமனையில் கொடுக்கும் நீர் சிகிச்சையை வீட்டிலேயே கொடுக்கலாம் என்று, குளியல் தொட்டிக்குள் வைக்கிற பம்ப் ஒன்றைத் தகப்பன் செய்தார். 1950களில் நடந்தது இது. ஆக, இப்போது பணக்காரச் சாமானாக நினைக்கப்படுவது ஒரு தகப்பன் பிள்ளைக்குச் செய்த வைத்தியம். என் மகள் தாய்க்கு வாங்கியதும் அதே வகைதான்.

நாங்கள் போயிருந்தது இளவேனில் தொடக்கம். பாரிசுக்கு வடக்கே, நம் புதுச்சேரிக்காரர்கள் நிறைய பேர் குடியிருக்கிற பக்கம். பழைய வீடு, பின்னால் ஒரு துண்டுத் தோட்டம். நாலு பேர் உட்காரும் அளவுக்கு அக்ரிலிக் தொட்டி ஒன்றை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். விற்ற கடைக்காரர் "பிளக்கைச் செருகினால் போதும், வேறு வேலையே இல்லை" என்று சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை அதை நம்பிவிட்டார். சமையலறை வெளிச்சுவரில் புல்வெட்டும் இயந்திரத்துக்காக ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. அதிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டுச் செருகிவிடலாம், ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் நிரப்பலாம் என்பது அவருடைய திட்டம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் ஆயிரத்துச் சொச்சம் யூரோ கேட்பான் என்றார். அது பொய்யும் இல்லை.

எனக்கு மின்சாரம் படிப்பு கிடையாது. நான் பிரெவே வரை பிரெஞ்சில் படித்து, பிறகு ஊரில் அரசாங்க குமாஸ்தாவாக 36 வருஷம் கோப்பு கட்டியவன். ஆனால் அந்த 36-இல் சில வருஷங்கள் விபத்து நிவாரண விண்ணப்பங்கள் என் மேஜை வழியாகப் போயின. மின்சாரம் தாக்கி இறந்தவர்களுடைய கோப்பு தனியாக ஒரு கட்டு. ஒவ்வொன்றிலும் 'சம்பவத்தின் சுருக்கம்' என்று ஒரு பத்தி. துணி காயப்போடும் கம்பிக் கொடி. மழையில் நனைந்த மோட்டார் சுவிட்ச். ஈரக் காலோடு இஸ்திரிப் பெட்டி. கீசர் போட்ட வாளியில் கை விட்டுப் பார்த்தது. பேரும் ஊரும் மாறும், அந்தப் பத்தி மட்டும் மாறவே மாறாது. ஈரம், உலோகம், எர்த் இல்லாத வயர், இந்த மூன்றும் எங்காவது ஒரு வரியில் சேர்ந்திருக்கும். விண்ணப்பத்தின் கீழே பெரும்பாலும் ஒரு பெண்ணின் கைநாட்டு. சூப்பிரண்டு மேலொப்பமிட்டால் கோப்பு அடுத்த மேஜைக்குப் போய்விடும். பத்தி என் தலையில் தங்கிவிடும்.

அதனால் தொட்டியோடு வந்த கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். 40 பக்கம். வீட்டில் யாரும் படிக்கவில்லை. மாப்பிள்ளைக்கு பிரெஞ்சு பேச நன்றாக வரும், காரைக்காலில் இங்கிலீஷ் மீடியம் படித்துவிட்டுக் கல்யாணத்துக்குப் பிறகு போனவர், வேலை இடத்தில் வெளுத்து வாங்குவார். ஆனால் விதிமுறைப் பிரெஞ்சு வேறு ஜாதி. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு வினைச்சொல்லை அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 'துவா' என்றால் செய்தே ஆகவேண்டும். 'பெ' என்றால் செய்யலாம். 'பரிந்துரைக்கப்படுகிறது' என்றால் செய்யாவிட்டால் உன் பாடு. அரசாணை படிப்பதும் இதுதான், வினைச்சொல்லில்தான் உயிர் இருக்கும். கையேட்டின் மின்சாரப் பக்கத்தில் 'பெ' ஒன்றே ஒன்று இருந்தது, மற்றதெல்லாம் 'துவா'. எக்ஸ்டென்ஷன் வயர் பற்றிய வரியில் 'தடை' என்றே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. கடைக்காரர் சொன்ன 16 ஆம்பியர் பிளக் முறைக்கும்கூட அந்தத் தொட்டிக்கென்று தனி லைன் வேண்டும் என்று அடுத்த வரி.

இதை மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அது அவர் வீடு, அவர் பணம். மாமனார் மூன்று மாதத்துக்கு வந்த விருந்தாளி. "இப்படிச் செய்யாதீங்க" என்று வாயைத் திறந்தால் மகளுக்கு அல்லவா தலைவலி? என் மனைவி வேறு, "எனக்காக ஆசையா வாங்கியிருக்கார், நீங்க ஏதாவது சொல்லி வெக்காதீங்க" என்று முன்னாலேயே கண்டித்துவிட்டாள்.

இரவு சாப்பாடு முடிந்தபின் கையேட்டை மேஜைமேல் விரித்து, "மாப்பிள்ளை, இந்த வரிக்கு எனக்கு அர்த்தம் சரியாப் பிடிபடுதான்னு பாருங்க" என்று சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "மாமா, வாசல்லயே திஃபெரான்சியெல் இருக்கு. ஏதாவது ஆனா தானா விழுந்துடும்" என்றார்.

அவர் சொன்னது முழுப் பொய் இல்லை, அதுதான் ஆபத்து. பிரெஞ்சு வீடுகளில் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மெயின் சுவிட்ச் இருக்கும். மின்கசிவு ஏற்பட்டால் அது விழும். ஆனால் எவ்வளவு கசிந்தால்? டார்ச் அடித்துப் பார்த்தோம். 500 மில்லி ஆம்பியர் என்று அச்சடித்திருந்தது. அது வீடு தீப்பிடிக்காமல் காக்கும். ஆளைக் காக்காது. ஆளைக் காக்கிற கருவி 30 மில்லி ஆம்பியரில் விழவேண்டும். அந்த வீட்டில் 30 போட்டிருந்தது குளியலறைக்கு மட்டும். வெளிச்சுவர் பிளக் பாயிண்ட் அதில் சேரவில்லை.

இந்தக் கணக்கை என் பாஷையில் சொல்கிறேன். நம் வீட்டிலுள்ள சாதாரண எம்.சி.பி. 16 ஆம்பியர் என்றால், அதாவது 16,000 மில்லி ஆம்பியர், அதற்கு மேல் இழுத்தால்தான் விழும். மனிதனுக்கு 10 மில்லி ஆம்பியர் சுமாருக்கே தசை இறுகி, பிடித்ததை விடமுடியாமல் போகும். 30-ஐத் தாண்டிக் கொஞ்ச நேரம் நெஞ்சு வழியாக ஓடினால் இதயத்தின் தாளம் குலைந்துவிடலாம். ஆகவே எம்.சி.பி. பார்த்துக்கொள்ளும் என்பவர், யானை நுழைகிற வாசலில் கொசுவலை கட்டாதவர்.

திஃபெரான்சியெல், நம் ஊரில் ஆர்.சி.சி.பி. அல்லது பழைய பேச்சில் இ.எல்.சி.பி., செய்வது கேஷ் புக் வேலை. ஃபேஸ் வயரில் போன மின்சாரம் நியூட்ரல் வயரில் அப்படியே திரும்பவேண்டும். சாயந்திரம் வரவும் செலவும் டேலி ஆகிற மாதிரி. 30 மில்லி குறைந்தால், அது வேறு எங்கோ போயிருக்கிறது, ஒருவேளை ஒருவர் உடம்பு வழியாகத் தரைக்கு. உடனே ஆபீசை மூடிவிடுகிறது, ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள். எந்த கேஷ் புக்குக்கும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு, இதற்கும் உண்டு. ஒருவர் ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் வரவு செலவு டேலி ஆகிவிடும், கருவிக்குத் தெரியாது. அதனால்தான் விதி கருவியோடு நிற்காமல் தூரத்தையும் கேட்கிறது.

தூரத்துக்கு முன் ஒரு சாவைச் சொல்லவேண்டும். என் வயதுக்காரர்கள், பிரெஞ்சு படித்தவர்கள், கிளோத் பிரான்சுவாவை மறந்திருக்கமாட்டீர்கள். 'கொம் தாபித்யூத்' பாட்டைப் பாடியவர், அதே மெட்டுதான் இங்கிலீஷில் 'மை வே' ஆகி உலகம் சுற்றியது. எகிப்தில் இஸ்மாயிலியாவில் பிறந்தவர், தகப்பன் சூயஸ் கால்வாய் கம்பெனியில் உத்தியோகம். 1978 மார்ச் 11, பாரிசில் தன் வீட்டுக் குளியல் தொட்டியில் நின்றபடி, சுவர் விளக்கு கோணலாக இருக்கிறதென்று சரிசெய்யக் கை நீட்டினார். 39 வயது. புதுச்சேரியில் பல வாரம் கழித்து வந்த பத்திரிகையில் அந்தச் செய்தியை நாங்கள் கூட்டமாக நின்று படித்தோம். அவ்வளவு பெயர், அவ்வளவு பணம், கை எட்டும் தூரத்தில் ஒரு விளக்கு.

கை எட்டும் தூரம். பிரெஞ்சு விதி முழுக்க அதைத்தான் அளக்கிறது. அங்கே வீட்டு வயரிங்குக்கு 'என்.எஃப்.சே. 15-100' என்று ஒரு நெறி. தண்ணீரைச் சுற்றிய இடத்தை அது 'வொலூம்' என்று பங்கு பிரிக்கிறது. நீச்சல் குளம் வகைக்குச் சொன்னதைத் தருகிறேன். தண்ணீர் இருக்கும் தொட்டிக்குள் 0. விளிம்பிலிருந்து 2 மீட்டர் வரை 1. அதற்கு அப்பால் இன்னும் ஒன்றரை மீட்டர் 2. தண்ணீருக்குள் இருக்கும் விளக்குக்கு 12 வோல்ட்டுக்கு மேல் கூடாது, அந்த 12-ஐ உண்டாக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் வெளியே இருக்கவேண்டும். 1-இல் சாதாரண பிளக் பாயிண்ட் கூடாது. 2-இல் 30 மில்லி ஆம்பியர் காவலோடு வைக்கலாம். ஏன் 12? காய்ந்த தோலுக்கு 50 வோல்ட் வரை பெரிய மோசமில்லை என்று ஒரு கணக்கு. நனைந்த உடம்புக்கு அது 25. முழுக்க மூழ்கியிருப்பவருக்குத் தோலின் தடை ஏறக்குறைய இல்லாமலே போவதால் 12. தோல்தான் நம் முதல் இன்சுலேஷன், வெந்நீர் அதைக் கழற்றி வைத்துவிடுகிறது.

மறுநாள் காலை தையல் டேப்பை எடுத்துக்கொண்டு நானும் பேரனும் தோட்டத்துக்குப் போனோம். தொட்டி வைப்பதாக இருந்த இடத்தின் விளிம்பிலிருந்து பிளக் பாயிண்ட் 1 மீட்டர் 40. பேரன் சாக்பீசால் அரைவட்டம் போட்டான். அதற்குள் பிளக் மட்டுமல்ல, மாப்பிள்ளை அழகுக்காகக் கொக்கி அடித்து வைத்திருந்த சீரியல் விளக்குச் சரமும் வந்தது, 230 வோல்ட் சரம். மாப்பிள்ளை காபி டம்ளரோடு வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பேரன் தொட்டி இருக்கப்போகிற இடத்தில் உட்கார்ந்து, "தாத்தா, எட்டுது பாரு" என்று சரத்தை நோக்கிக் கையை நீட்டிக் காட்டினான். அன்று மதியமே எலக்ட்ரீஷியனுக்குப் போன் போனது.

வந்தவர் போர்த்துகீசியர், வயது ஐம்பது இருக்கும். முசியே என்று கூப்பிட்டால் வெட்கப்படுவார். அவர் வேலையை நாற்காலி போட்டு இரண்டு நாள் பார்த்தேன். மீட்டர் பலகையிலிருந்து தொட்டிக்குத் தனி லைன். பம்பும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடினால் 5 கிலோவாட், அதாவது 22 ஆம்பியர். அதற்கு 32 ஆம்பியர் பிரேக்கரும் 6 சதுர மில்லிமீட்டர் கேபிளும். (16 ஆம்பியரில் ஓட்டினால் பம்ப் வேகமாகச் சுழலும்போது ஹீட்டர் நின்றுவிடும், தண்ணீர் ஆறும். இதைக் கடைக்காரர் சொல்லவில்லை.) அந்த லைனுக்கென்று தனியாக 30 மில்லி ஆம்பியர் கருவி, கையேடு கேட்ட 'ஆ' வகை. தோட்டத்தில் 60 சென்டிமீட்டர் பள்ளம் தோண்டி, சிவப்புக் குழாய்க்குள் கேபிளை விட்டு, மண் மூடும்போது நடுவில் சிவப்பு வலை ஒன்றை விரித்தார். பிற்காலத்தில் எவனாவது செடி வைக்கத் தோண்டினால் முதலில் வலை மண்வெட்டியில் மாட்டும், நிறுத்திவிடுவான். முன்பின் தெரியாத ஒரு மனிதனுக்காக மண்ணுக்குள் எழுதி வைத்த அறிவிப்பு. எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

எக்ஸ்டென்ஷன் ஏன் கூடாது என்று அவரிடம் கேட்டேன். உருளையில் சுற்றியபடி 3 கிலோவாட் இழுத்தால் வயர் தன் சூட்டிலேயே உருகும் என்றார். அதோடு அந்த இணைப்பு புல்மேல் கிடக்கும், மழை பெய்யும், யாரோ வெறுங்காலோடு நடப்பார்கள்.

பிறகு எர்த் அளந்தார். 180 ஓம். முகத்தைச் சுளித்தார். அந்த 500 மில்லி மெயினோடு சேர்த்துப் பார்த்தால் 100 ஓமுக்கு மேல் இருக்கக்கூடாதாம். ஏன் என்று நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்: அரை ஆம்பியரை 100 ஓமால் பெருக்கினால் 50 வோல்ட், மேலே சொன்ன அதே 50. விதி எழுதினவன் கணக்குப் போட்டுத்தான் எழுதியிருக்கிறான்! இன்னொரு கம்பியைத் தரையில் அடித்து இணைத்தார், 70-க்கு இறங்கியது. பக்கத்திலிருந்த இரும்புக் கைப்பிடியையும் பச்சை-மஞ்சள் வயரால் அதே எர்த்தோடு கட்டினார். ஃபேஸ் கம்பியில் உட்கார்ந்த காக்கைக்கு ஒன்றும் ஆகாததற்கு அதன் இரண்டு காலும் ஒரே அழுத்தத்தில் இருப்பதுதான் காரணம். தொட்டியில் இருப்பவர் கைக்கு எட்டும் உலோகங்களையும் அப்படி ஒன்றாக்கிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

செலவு 1,400 யூரோ. மீட்டரில் 6 கே.வி.ஏ. போதாமல் 9-க்கு மாற்றியது தனி, அதற்கு மாதாமாதம் சந்தா கூடும். மாப்பிள்ளை பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விளக்குச் சரத்தைக் கழற்றிவிட்டு பேட்டரியில் எரிகிற ஒன்றை வாங்கிவந்தது அவரே. தொட்டிப் பக்கம் செல்போனை சார்ஜில் போட்டபடி கொண்டுபோகக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சட்டம் போட்டதும் அவரே. அந்த ஊரில் குளியல் தொட்டிக்குள் சார்ஜர் விழுந்து பிள்ளைகள் இறந்த செய்தி அவ்வப்போது வருகிறது.

என் மனைவி தினமும் 15 நிமிஷம், 37 டிகிரியில் உட்கார்ந்தாள். 40-க்கு மேல் வைக்க அந்த இயந்திரமே விடாது. முழங்கால் வலி போய்விட்டதா என்று கேட்டால், "இருக்கு, ஆனா மாடிப்படி ஏறலாம்" என்கிறாள். எனக்கு இதய மாத்திரை இருப்பதால் டாக்டர் வேண்டாம் என்றார், நான் காலை மட்டும் விட்டேன்.

ஊருக்குக் கிளம்பும் முன்னிரவு மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். "மாமா, காரைக்கால்ல அம்மா தனியா இருக்காங்க. பாத்ரூம்ல கீசர் இருக்கு. நீங்க போகும்போது கொஞ்சம் பாத்துட்டு வர்றீங்களா?" என்றார்.

போன வாரம் போய் வந்தேன். சம்பந்தியம்மா சாப்பிட்டுவிட்டுத்தான் எதுவும் என்று சொல்லிவிட்டதால் மீன் குழம்புக்குப் பிறகுதான் ஒயர்மேன் வேலையைத் தொடங்கினார். கீசர் பிளக்கைக் கழற்றினால் மூன்று முனை இருக்கிறது, எர்த் முனையில் வயரே இல்லை, உள்ளே சுருட்டி டேப் ஒட்டியிருந்தது. வீட்டில் ஆர்.சி.சி.பி. கிடையாது. எர்த் குழி கொல்லையில் எங்கேயென்று யாருக்கும் தெரியவில்லை, பழைய வேலைக்காரம்மா வந்து துளசி மாடத்துக்குப் பின்னால் காட்டினாள். காய்ந்து பாளமாகிக் கிடந்தது. கரியும் உப்பும் போட்டுப் புதுக் குழி எடுத்தோம். 30 மில்லி ஆம்பியர் கருவி மீட்டர் பலகையில் ஏறியது. அதன்மேல் 'T' என்று ஒரு சின்னப் பொத்தான் உண்டு, மாதம் ஒரு தரம் அழுத்தினால் விழவேண்டும், விழாவிட்டால் கருவி செத்துவிட்டது என்று அர்த்தம். சம்பந்தியம்மா அமாவாசைக்கு அமாவாசை அழுத்துவதாகச் சொன்னார்கள், காலண்டரில் தேட வேண்டியதில்லையாம். கொல்லையில் துணி காயப்போட்டிருந்த கம்பிக் கொடி மோட்டார் கொட்டகையின் தகரக் கூரையில் கட்டியிருந்தது. அதை அவிழ்த்துவிட்டு, கடைத்தெருவில் 10 மீட்டர் நைலான் கயிறு வாங்கிவந்து, வேப்ப மரத்துக்கும் முருங்கைக்கும் நடுவில் கட்டிக்கொடுத்துவிட்டு மாலை பஸ் ஏறினேன்.